கட்டிப் போடலாமா, அக்கா?

போன இதழில் பல் முளைக்கும் குழந்தைகளைப் பற்றி ஆரம்பித்தேன். மீதியை இந்த முறை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சகோதரிகள் மன்னிக்க வேண்டும், அது அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. காரணம், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு நான்கு பக்கக் கடிதம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்திலிருந்து கொஞ்சம் மட்டும் தருகிறேன்.

"அக்கா, எம் பொண்ணுக்கு 13 வயசு. பொறந்ததுல இருந்தே புத்தி வளர்ச்சி கம்மி. பேச்சு வராது. ஆனா சமத்தா இருப்பா. இப்ப ஆறு மாசமா சாயங்காலமானா தலையைக் கொண்டுபோயி சுவத்துல மோதுறா, மணிக்கட்டைக் கடிச்சுக்கிறா. அதட்டுனா இன்னும் ஜாஸ்தியா மோதுறா. முறுக்கு எடுத்துக் குடுத்தா நிறுத்திடறா. மாமியார் பழைய புடவையால ஜன்னல் கம்பியில கட்டிப் போடுங்கறாங்க. இவரு எங்கயாச்சும் ஹாஸ்டல்ல விட்டுரலாம்ங்கறாரு. கட்டிப் போடலாமா அக்கா? நீங்க சொன்னா கேக்கறேன்."

சொன்னால் கேட்கிறேன் என்று எழுதிவிட்டதால், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டிப் போடாதீர்கள், தங்கச்சி.

உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பேத்தியின் மண்டை உடைந்துவிடுமே என்ற பயத்தில்தான் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் கட்டி வைத்தால் மோதுவதுதான் நிற்கும். எதற்காக மோதுகிறாள் என்பது அப்படியே உள்ளே இருக்கும். கை புண்ணாகும், பெற்றவளைக் கண்டாலே மிரளுவாள். அதோடு, கட்டிப் போட்டவர்களால் ஆபத்து நேரத்தில் எழுந்து ஓட முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டு போனார்கள். அவர்களையும் "பாதுகாப்பு"க்காக என்றுதான் கட்டியிருந்தார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவர்களைச் சங்கிலியில் பிணைப்பதை அடியோடு தடை செய்துவிட்டது. உங்கள் பெண்ணுக்கு இருப்பது மனநோய் அல்ல, அறிவுசார் குறைபாடு. இரண்டும் வேறு வேறு. ஆனால் அவளுக்கும் சட்டத் துணை உண்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கொடுமையான, இழிவான நடத்துதலிலிருந்து இப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

சரி, கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் "பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட்" என்று ஒரு முறை இருக்கிறது. நம் பாஷையில் நேர்மறை நடத்தை ஆதரவு என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அதன் சாரம் ஒரே வரிதான்: வாயால் சொல்ல முடியாதவர்கள் நடத்தையால் சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடி, அதையே வலியில்லாமல் சொல்ல வேறு வழி கற்றுக் கொடு.

ஒரு காலத்தில் வெளிநாடுகளிலும் தண்டனைதான் வைத்தியமாக இருந்தது. அமெரிக்காவில் இத்தகையவர்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து அடக்கியதுகூட உண்டு. 1980-களில் அதை எதிர்த்துப் பெற்றோரும் நிபுணர்களும் குரல் எழுப்பினார்கள். 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இருவர் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாடம் கடினமாக இருந்ததால் முரண்டு பிடித்த குழந்தைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். கவனிப்புக்கு ஏங்கிய குழந்தைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக் கொடுத்தார்கள். முரண்டு குறைந்துவிட்டது! இன்று ஆஸ்திரேலியாவில் அரசு நிதியுதவி பெறும் மாற்றுத்திறனாளி சேவைகளில், ஒருவரைப் பிடித்து அழுத்துவது, கட்டுவது, தனியே அடைப்பது, அடக்குவதற்காக மருந்து கொடுப்பது, பொருள்களையும் இடங்களையும் பூட்டித் தடுப்பது ஆகிய ஐந்தையும் சட்டப்படி கண்காணிக்கிறார்கள். அவற்றைக் குறைத்துக்கொண்டே போவதற்கு இந்த நடத்தை ஆதரவுத் திட்டத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தங்கச்சி, வரிசையாகச் சொல்கிறேன், ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, டாக்டர். பன்னிரண்டு வருஷம் சமத்தாக இருந்த பெண் ஆறு மாதமாக மோதுகிறாள் என்றால், உடம்பில் ஏதோ உபத்திரவம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காதில் சீழ், சொத்தைப் பல், மலச்சிக்கல், தலைவலி, கண் பார்வை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பூப்பெய்திவிட்டாளா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால் மாதவிலக்கு வலியும் காரணமாகலாம். "வயித்தை வலிக்குதும்மா" என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லையே! ஏற்கெனவே மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாள் என்றால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இரண்டாவது, ஒரு நோட்டு. பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டே போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில், மோதுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. இரண்டாவதில், அவள் என்ன செய்தாள், எத்தனை நேரம். மூன்றாவதில், அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரும் என்ன செய்தீர்கள். தேதியும் மணியும் போடுங்கள். இரண்டு வாரம் விடாமல் எழுதினால் நோட்டே பேச ஆரம்பித்துவிடும்.

நோட்டைப் படிக்கும்போது நான்கு காரணங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க. இரண்டு, நம் கவனத்தை இழுக்க. மூன்று, ஒரு பொருளோ தின்பண்டமோ கேட்க. நான்கு, உடம்புக்கு அந்த உணர்ச்சி தேவைப்படுவதால். பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

நான் ஒரு சிறப்புப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள். ஒரு பையன், பத்து வயது, மேசையைக் கவிழ்த்துவிடுவான். "ரௌடிப் பய டீச்சர் இவன்" என்று ஆயாம்மா தலையில் அடித்துக்கொள்வார். நோட்டு எழுதிப் பார்த்தோம். அநேகமாக எல்லா நாளும் மணி கோக்கும் வகுப்பில்தான் மேசை கவிழ்ந்தது. கவிழ்த்ததும் "வெளியே நில்" என்று தாழ்வாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். காற்று வரும், மரம் தெரியும், மணி கோக்க வேண்டாம். அவனுக்கு வேண்டியதே அதுதான்! நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்குப் பரிசாக இருந்தது.

அவனுக்கு ஒரு சிவப்பு அட்டை கொடுத்தோம். அதைத் தூக்கிக் காட்டினால் "போதும்" என்று அர்த்தம். காட்டினால் இரண்டு நிமிஷம் தாழ்வாரம். முதல் வாரம் இரண்டு மணி கோப்பான், அட்டையைக் காட்டுவான். சளைக்காமல் அனுப்பினோம். அட்டைக்கு மதிப்பு இருக்கிறது என்று அவன் நம்ப வேண்டுமே! நம்பிக்கை வந்த பிறகு இன்னும் ஒரு மணி, இன்னும் ஒரு மணி என்று கூட்டினோம். அதற்கப்புறம் மேசை கவிழவே இல்லை என்று கதை விட மாட்டேன். எப்போதாவது கவிழ்ந்தது. ஆனால் தினமும் கவிழ்ந்தது நின்றது. ஆயாம்மா அவனை ரௌடி என்று கூப்பிடுவதும் நின்றது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். "முறுக்கு எடுத்துக் குடுத்தா நிறுத்திடறா." எந்த வேதனையில் ஆரம்பித்ததோ, இப்போது சுவரில் மோதினால் முறுக்கு வரும் என்றும் அவள் கற்றுக்கொண்டிருக்கலாம். சாயங்காலம் பசிக்கிறதோ என்னவோ! நிச்சயமாகச் சொல்ல வேண்டியது உங்கள் நோட்டுதான். அதுதான் காரணம் என்று தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள்.

அவள் மோதும் நேரத்துக்கு அரை மணி முன்பே வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். சுண்டலோ, இட்லியோ, வாழைப்பழமோ. முறுக்கு டப்பாவை ஒரு தாளில் படமாக வரைந்து, அட்டையில் ஒட்டி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அவள் அமைதியாக இருக்கும்போது கையைப் பிடித்து அட்டையைத் தொட வைத்து, உடனே ஒரு சின்னத் துண்டு கொடுங்கள். "முறுக்கு கேட்டியா? இந்தா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இந்த விளையாட்டை விளையாடலாம். அட்டையைத் தொட்டால் கிடைக்கும், அதுவும் மோதுவதைவிடச் சீக்கிரமாகக் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மோதிய பிறகு கொடுப்பதை நிறுத்த வேண்டும். இதில் பாட்டி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் இழுத்தால் காரியம் கெட்டுவிடும். பாட்டியையே அட்டைக்குப் பொறுப்பாக்கிவிடுங்களேன்!

ஒரு எச்சரிக்கை. பழைய வழியில் கிடைக்காமல் போகும்போது முதல் சில நாள் அவள் முன்னைவிட அதிகமாக மோதக்கூடும். அதனால்தான், தலையை மோதும் குழந்தையிடம் "கண்டுக்காம விட்டுடு" என்ற யோசனையை நிபுணர் துணையில்லாமல் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்கிறேன். மோதினால் சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணையை வையுங்கள். சின்னக் குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். கத்தாதீர்கள், மெதுவாக ஓரிரு வார்த்தை போதும். அடிபட்ட பிறகு வாந்தி, மயக்கம், வலிப்பு, அசாதாரணத் தூக்கம் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே அடையாள அட்டை, உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். நடத்தைப் பயிற்சி தெரிந்த சிறப்பு ஆசிரியரும் உளவியலாளரும் அருகில் எங்கே என்றும் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் உண்டு. சென்னைப் பக்கம் வர முடிந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் "நிராமயா" காப்பீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். ஹாஸ்டல் என்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பெற்றவர்களுக்கு முடியாத நிலை வந்தால் நல்ல இல்லங்கள் தேவைதான். ஆனால் ஏன் மோதுகிறாள் என்று தெரியாமல் அனுப்பினால், அங்கேயும் சுவர் இருக்கும், அங்கேயும் மோதுவாள். அங்கே பேசாத பெண்ணின் கையைக் கட்டினால் நமக்கு வந்து சொல்ல யாரும் இல்லை. இரண்டு மாதம் இந்த வழியைச் செய்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்று கேளுங்கள். சாயங்கால அரை மணி நேரம் அவரும் பெண்ணோடு இருக்கட்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது பெண்ணை மாமியாரிடமோ தங்கை வீட்டிலோ விட்டுவிட்டுக் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போய் வாருங்கள். மனசு தாங்காத ராத்திரியில் 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் ஆறுதலாகப் பேசுவார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இதைப் படிக்கும் மற்ற சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை கத்தினால், தாயின் முகத்தை முறைத்துப் பார்க்காதீர்கள். "வளக்கத் தெரியல" என்று முணுமுணுக்காதீர்கள். உட்கார இடம் விடுங்கள், கையில் இருக்கும் பையை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவே பெரிய உதவி.

திண்டுக்கல் தங்கச்சி, இரண்டு வாரம் எழுதிய நோட்டில் நான்கு பக்கம் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டாக்டர் காதைப் பார்த்து என்ன சொன்னார் என்றும் எழுதுங்கள். பல் முளைக்கும் சமாசாரம் அடுத்த இதழில் கட்டாயம் உண்டு.