உதைக்குமுன் ஒரு சொல்

விடுதிக் கொட்டகையில் ஆண்டுக்கணக்காய் உறங்கும் பழைய புல்லட்டை எழுப்பப் போகிறோம் என்று நண்பர் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். மகிழ்ச்சி! 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் வண்டி அது. நம் ஊர்ப் பிள்ளை என்ற பாசம் எனக்கும் உண்டு.

ஆனால், கண்டவுடன் கிக்கரை உதைப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். சிலிண்டர் சுவரில் துரு ஏறியிருக்கும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கிடக்கும். உதைத்தால் சுவர் கீறிப்போகும். பிளக்கைக் கழற்றி, அத்துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுங்கள். பிறகு ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள், பெரும்பாலும் இணங்கிவிடும். டாங்கியிலுள்ள பழைய பெட்ரோலை முழுதும் வடித்துவிட வேண்டும். எதனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாட்பட்டால் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைக்கும்.

"முதலில் சத்தம் வரட்டும், பிரேக்கைப் பிறகு பார்ப்போம்" என்கிறார் ஒருவர். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வெடித்த டயரோடும் துருவேறிய பிரேக் கேபிளோடும் வளாக வாயிலைத் தாண்டினால் எதிரே வருவது லாரி, ஐயா! குரோமியப் பூச்சுக்கென்று அறை அறையாய் வசூலிக்கிறீர்களே, அந்தப் பணத்தில் முதலில் இரண்டு டயரும் பிரேக் ஷூவும் வாங்குங்கள். பூச்சு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கட்டும்.