கொடி பிடிப்பவர்களுக்கு ஒரு கும்பிடு

2025 ஜூலையில் இத்தாலியின் மிசானோவில் ஜிடி4 ஐரோப்பியத் தொடர் பந்தயம். ஓடுதளத்தில் நின்றுபோயிருந்த ஒரு கார் மீது நம்ம அஜித்குமாரின் கார் மோதியது. நல்லவேளை, அவருக்கு அடி எதுவும் இல்லை. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். கிளம்பிப் போகாமல், ஓடுதளத்தில் வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து சிதறிக் கிடந்த உடைசல்களைப் பொறுக்கினார். வர்ணனையாளர்களே பாராட்டினார்கள். நானும் அந்த வீடியோவை நாலு நண்பர்களுக்கு அனுப்பினேன். நாலு பேரும் 'தல'யைப் பற்றித்தான் பதில் போட்டார்கள். பக்கத்தில் குனிந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்தப் பதிவு அவர்களைப் பற்றி.

மார்ஷல்கள் என்று பெயர். பந்தயத்தில் வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்பார்களே, அவர்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டமே நிறுத்தம். கொடி காட்டுவதோடு வேலை முடியாது. விழுந்தவனைப் பார்ப்பது, வண்டியை ஓரம் கட்டுவது, தீயை அணைப்பது எல்லாம் இவர்கள் தலையில்தான். ஃபார்முலா ஒன்னில் கூட இவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கரிசனம் வரக் காரணம் உண்டு. பிழைப்புக்காக மட்டாஞ்சேரி வந்து ஒன்பது வருஷம். மிளகு, சுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு வேலை. வருஷம் முழுக்க மிளகில் ஈரப்பதம் பார்க்கிறவன், இரண்டு மூன்று முறை லீவு போட்டுவிட்டு பாலக்காடு தாண்டிப் போய் ஓடுதளத்தில் பைக் ஓட்டுவேன். பந்தய வீரன் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், காசு கட்டி ஓட்டும் ரகம் :-)

நாலு மாசம் முன்னால் அப்படி ஓட்டும்போது, முன்னால் போன வண்டியிலிருந்து ஆயில் கொட்டியது. அவரும் விழுந்தார், நானும் விழுந்தேன். கண்ணைத் திறந்தால் இருபது வயசுப் பையன் ஒருவன் மண்ணில் மண்டியிட்டு என் ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிறான். "அண்ணா, தலையைத் திருப்பாதீங்க. என்னையே பாருங்க. பேர் சொல்லுங்க." மூச்சு முட்டுகிறது, ஹெல்மெட்டைக் கழற்று என்றேன். "டாக்டர் வந்துதாண்ணா கழட்டணும்" என்று விடவே இல்லை. கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை கால் விளங்காமல் போகலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கும் வளைவில் வந்துகொண்டிருந்த வண்டிகளுக்கும் நடுவில் இன்னொருவர் கொடியோடு நின்றார். அவருக்கு பேட்டரி கடை இருக்கிறதாம். பையன் டிப்ளமோ படிக்கிறான். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது சாப்பாடும் ஒரு தொப்பியும்.

எனக்குக் காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்தன. கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து தந்த வீட்டுக்கார சேச்சியிடம் இதைச் சொன்னேன். "அவர்க்கு ஷம்பளம் எத்ரயா?" என்று கேட்டார். இல்லை என்றதும், 2018 வெள்ளத்தில் படகோடு கிளம்பிய மீனவர்களைப் போலவா என்றார். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போது படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். ஒரு படகுக்கு நாளுக்கு 3,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, காசு வேண்டாம் என்று சொன்ன மீனவர் உண்டு. ஆனால் உடைந்த படகுகளைச் சரிசெய்து தருவோம் என்றும் அரசு சொன்னது பாருங்கள், அது வேறு கணக்கு. அது கூலி ஆகாது.

நான் சொல்ல வருவதும் அந்த இரண்டாவது கணக்கைத்தான். காசு வாங்காமல் வருகிறவனுக்கும் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும், அவனுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

1973-ல் ஹாலந்தின் ஸான்ட்வோர்ட்டில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிந்தது. மார்ஷல்களிடம் தீயைத் தாங்கும் உடை இல்லை, கிட்டே போக முடியவில்லை. சக ஓட்டுநர் டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து தனியாளாகப் போராடியும் பலனில்லை. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமான் குரோஷான் தீக்குள் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்து உயிரோடு வெளியே வந்தார். தலைக்கு மேலே இருந்த ஹாலோ வளையத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், நியாயம்தான். தீயணைப்பானோடு வந்து நின்றவரையும் பின்னாலேயே மருத்துவக் காரில் வந்த டாக்டரையும் பற்றி அதில் பாதி எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இவர்களும் சாகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2001 மார்ச்சில் மெல்போர்னில் இரண்டு கார்கள் மோதி, பிய்த்துக்கொண்டு பறந்த சக்கரம் வேலியில் இருந்த இடைவெளி வழியாகப் போய் கிரஹாம் பெவரிட்ஜ் என்ற தன்னார்வலரின் உயிரைக் குடித்தது. முந்தின வருஷம்தான் மோன்ஸாவில் பாவ்லோ கிஸ்லிம்பெர்ட்டி இதே மாதிரி போயிருந்தார்.

நம்ம ஊருக்கும் இது புதுசில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து, 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகும், வெயிலில் கொடியோடு நிற்க யாரோ கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். கொடி பிடித்தவர் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியுமா?

ஒரு நாள் ஓட்ட நாம் கட்டும் கட்டணத்தில் டயருக்குப் போவதைவிடக் குறைந்த தொகையில் அந்தப் பையனுக்கு ஒரு நல்ல தீ உடை வாங்கலாம் என்று நினைக்கிறேன். கட்டணத்தை ஐநூறு ரூபாய் ஏற்றி அதை மார்ஷல்களுக்கென்று தனியாக வைத்தால் முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். முணுமுணுக்கட்டும். முப்பதாயிரம் ரூபாய் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதானே வருகிறோம்.

பிசியோதெரபி இன்னும் ஆறு வாரம் பாக்கி இருக்கிறது. பையனுக்கும் பேட்டரி கடைக்காரருக்கும் ஆளுக்கு ஒரு கிலோ வயநாட்டு மிளகு பார்சல் போட்டாயிற்று. அடுத்த முறை பணம் கட்டும்போது அமைப்பாளரிடம் நான் முதலில் கேட்கப்போவது, கொடி பிடிப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு எடுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். உங்களில் யாராவது எனக்கு முன்னால் போனால் நீங்களும் கேட்டு வையுங்கள்.