பழி கிரகணத்துக்கும் இல்லை, தாய்க்கும் இல்லை



போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணோடு பிறந்த ஆட்டுக்குட்டி. "கலி முற்றிவிட்டது" என்று ஒருவர். "கிரகணத்தன்று சினையாட்டை வெளியே விட்டிருப்பார்கள்" என்று இன்னொருவர். படித்தவர்கள்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்து தூக்கம் கெட்டது.

குரங்கணிப் பக்கம் மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நான் வேலை பார்த்த காலம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். மேலுதடு பிளந்திருந்தது. அவன் அப்பத்தா என்னிடம், "கிரகணத்தன்னிக்கு வெங்காயம் அரிஞ்சா டீச்சர், சொன்னாக் கேட்டாளா?" என்று மருமகளைக் காட்டினார். அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் விடியுமுன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறவள். டார்ச் லைட்டையும் பந்தையும் வைத்துக் கிரகணம் நடத்துகிற நான், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. "பெரியவங்க சொல்றாங்க" என்று பேசாமல் பெயரை எழுதிக்கொண்டேன். அன்று பேச வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

முதலில் ஆட்டுக்குட்டி. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக் கண் செம்மறிக் குட்டிகள் பிறந்தன. அரசின் வேளாண்துறை விஞ்ஞானிகள் மந்தையோடு திரிந்து காரணம் கண்டுபிடித்தார்கள். வெராட்ரம் என்ற மலைச்செடியைச் சினையான சுமார் 14ஆம் நாளில் தாயாடு மேய்ந்தால் குட்டிக்கு இப்படி ஆகிறது. அந்தச் செடியில் இருந்த நஞ்சுக்குச் 'சைக்ளோபமைன்' என்று பெயர் வைத்தார்கள். அது எந்த வேலையைக் கெடுக்கிறது என்பது 1990களின் கடைசியில்தான் தெரிந்தது.

அது கெடுப்பது ஒரு செய்தியை. கருவில் ஒரு செல் பக்கத்துச் செல்களுக்கு "நீ இன்னதாக ஆகு" என்று புரதத்தின் மூலம் சொல்லி அனுப்புகிறது. அப்படி ஒரு புரதத்தின் பெயர் ஹெட்ஜ்ஹாக். அதாவது முள்ளெலி, நம் காட்டிலும் உண்டே, அதுதான். இந்த மரபணு கெட்டுப்போன பழ ஈயின் புழு உடம்பெல்லாம் முள்ளாக இருந்ததால் இந்தப் பெயர். 1980இல் இதை வெளியிட்ட நுஸ்லைன் ஃபோல்ஹார்டும் வீஷாஸும் 1995இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தப் புரதம் நீளமான ஒரே சங்கிலியாக உருவாகிறது. அதன் பின்பாதிதான் கத்தி. வேறு எந்த நொதியும் வராமல், தன்னைத் தானே நடுவில் அறுத்துக்கொள்கிறது. அறுபடும் இடத்தில் ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு வந்து முன்பாதியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். பின்பாதி கழன்றுவிடும். முன்பாதிதான் செய்தி. கொலஸ்ட்ரால்தான் ஒட்டுகிறது என்று 1996இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீச்சியின் குழு காட்டியது. ஆம், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்து நாம் பயப்படுகிற அதே கொலஸ்ட்ரால்.

எதற்கு இந்த ஒட்டு? செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பு வால் கட்டிய புரதம் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி கண்டபடி பரவாது. சவ்வோடு ஒட்டி நிற்கும். பிறகு மற்றப் புரதங்களின் உதவியோடு கிளம்பி, கிட்டத்துச் செல்லுக்கு அதிகமாகவும் தூரத்துச் செல்லுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். எவ்வளவு வந்தது என்பதை வைத்தே செல் தன் வேலையை முடிவு செய்கிறது. இவை தூரம் போக வேண்டுமானால் சிறு சிறு கூட்டமாகச் சேர்ந்தால்தான் முடியும் என்று 2008இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழு பழ ஈயில் காட்டியது. போடிமெட்டு ஏறுகிற நம் பெண்கள் தனித்தனியாகவா போகிறார்கள்? ஜீப்பில் சேர்ந்துதானே!

மனிதக் கருவில் முன்மூளை இரண்டாகப் பிரியவும், முகத்தின் நடுக்கோடு சரியாக அமையவும் இந்தச் செய்தி வேண்டும். செய்தி மிகவும் குறைந்தால் ஒற்றைக் கண் வரை போகும். லேசாகக் குறைந்தால் முன்பல் ஒன்றே ஒன்று நடுவில் முளைப்பதோடு நிற்கலாம். உதடு, அண்ணம் பிளந்தும் பிறக்கலாம். எல்லாப் பிளவு உதட்டுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் பல காரணங்கள் சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை, வெங்காயமும் இல்லை. உடல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் கடைசிப் படியில் குறை உள்ள ஸ்மித்–லெம்லி–ஓபிட்ஸ் நோயிலும் அண்ணப் பிளவு வருவதுண்டு. அந்தக் குறை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். தகப்பனை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா?

இன்னொன்று. மூளையும் முகமும் அமையத் தொடங்குவது மூன்றாவது, நான்காவது வாரத்தில். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றே அவள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். அப்போது அவள் என்ன தப்புச் செய்திருக்க முடியும்?

என் கருத்து இதுதான். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று கர்ப்பிணிகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திய வீடுகள் எனக்குத் தெரியும். அதே வீட்டுப் பெண், மருந்தடித்த மறுநாள் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறாள். அதை யாரும் தடுப்பதில்லை. காக்க வேண்டியது அங்கேதான். கல்யாணமான பெண்ணை மருந்துத் தொட்டிப் பக்கம் அனுப்பாதீர்கள். கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் சர்க்கரைப் பரிசோதனையும் தொடங்கட்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிளவோடு குழந்தை பிறந்தால் ஒளித்து வைக்காதீர்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற அரசு மருத்துவக் குழு பார்க்கும் குறைகளில் பிளவு உதடும் ஒன்று. அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும்.

அந்தப் பையனின் அம்மா இப்போது எங்கே இருக்கிறாரோ. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் சொல்லுங்கள்: "நீ ஒன்றும் செய்யவில்லை அம்மா. டீச்சர் அன்றே சொல்லியிருக்க வேண்டும்."