உபா வழக்கில் ஜாமீன் ஏன் கஷ்டம்? கோவை சொல்லும் பாடம்

2022 அக்டோபர் 23 அதிகாலை. கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்து, அதில் இருந்தவர் பலியானார். உபா சட்டத்தில் பதிவான அந்த வழக்கு சில நாளில் என்.ஐ.ஏ. கைக்குப் போனது.

உபான்னா என்ன வித்தியாசம்?

சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமை வந்துவிடும். உபாவில், நீதிமன்றம் அனுமதித்தால் 180 நாள் வரை நீளும்.

இதுல ஐ.நா. எங்கே வருது?

அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், பயங்கரவாதத்துக்கு எதிராக எல்லா நாடுகளும் சட்டம் இயற்றச் சொன்னது பாதுகாப்பு கவுன்சிலின் 1373-வது தீர்மானம். 2008-ல் உபா கடுமையானபோது இந்தத் தீர்மானத்தையும் இந்தியா சுட்டிக்காட்டியது. ஆனால், அதில் மனித உரிமையை மீறக்கூடாது என்கிறது 2003-ன் 1456-வது தீர்மானம்.

விசாரணை இழுத்தால்?

அது கோவைக்கே தெரியும். 58 உயிர்களைப் பறித்த 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் தீர்ப்பு வந்தது 2007-ல்தான். பலருக்கு ஆயுள் தண்டனை. கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானியோ, 9 ஆண்டு சிறையில் இருந்த பிறகு குற்றமற்றவர் என விடுதலையானார். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் அதே 9 ஆண்டு காத்திருந்தன.

விசாரணை அளவுக்கு மீறி தாமதமானால் உபா வழக்கிலும் ஜாமீன் தரலாம் என 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், ஜாமீன் கிடைத்தாலும் பாதிக்கப்பட்டவர்களின் காத்திருப்பு தீராது. விசாரணை சீக்கிரம் முடிந்தால்தான் இரு தரப்புக்கும் நியாயம்.