சிரிக்காத தாத்தா

புளியறை போன்ற மலையடிவார ஊர்களில், பழைய வீட்டுப் பட்டாசலில் தலையைத் தூக்கிப் பார்த்தால், சற்றே முன்புறம் சாய்த்து மாட்டிய புகைப்படம் ஒன்று கண்ணில் படும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தாத்தா. அருகே நிற்கும் பாட்டி. இருவர் முகத்திலும் சிரிப்பு கிடையாது.

"ஏன் இப்படி முறைக்கிறார்?" என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். வெள்ளையடிப்பதற்காகக் கழற்றிய படம், பிறகு சுவருக்குத் திரும்பாமல் பரணுக்குப் போய்விடும். இது நியாயந்தானா?

அக்காலத்தில் படமெடுப்பது இலேசான காரியமல்ல. 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன்னே படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். உருவம் பதியச் சில விநாடிகள் ஆகும். தலை அசைந்தால் முகம் கலைந்துவிடும். அதனால் பிடரிக்குப் பின்னே இரும்புக் கவை ஒன்றை நிறுத்தி வைப்பார்கள். சிரிப்புக்குக் கவை வைக்க முடியுமா?

1871-க்குப் பின் உலர்ந்த தகடு வந்தது; நேரம் குறைந்தது. ஆயினும் நிமிர்ந்து அமரும் வழக்கம் போகவில்லை. அது மரியாதையின் அடையாளமாகிவிட்டது.

படத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் ஒரு கன்னம் துலங்கும். மறு கன்னம் நிழலில் தணியும். பின்னால் தூணும் தோட்டமும் தீட்டிய திரை மங்கலாயிருக்கும். ஆகவே முகம் முன்னுக்கு வரும். தாத்தாவின் கை முழங்கால்மேல் படிந்திருப்பதும் தற்செயலன்று. பாட்டியின் குங்குமம் கறுத்திருப்பதற்குக் காரணம், பழைய தகடுகளுக்குச் சிவப்பு நிறம் புலப்படாததே.

மௌனத்தால் போதிக்கும் தட்சிணாமூர்த்திக்குப் பெயர் பெற்றது புளியறை. பேசாமல் அமர்ந்திருப்பதன் கம்பீரத்தை அவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பதிவு செய்தது. அறிஞர்கள் அலைந்து தேடும் பொருள் நம் பரணில் கிடந்து கெடலாமா?

சாரல் காற்றின் ஈரம் படத்துக்குப் பகை. பூஞ்சணம் பிடிக்கும், கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொள்ளும். ஈரச் சுவரையும் நேர் வெயிலையும் தவிர்த்து உள்சுவரில் மாட்டலாம். கைபேசியில் ஒரு பிரதியும் எடுத்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, படத்திலிருப்பவர்களை அறிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே பெயரையும் உறவையும் கேட்டு, அட்டையின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு தாத்தா முறைத்துக்கொண்டே இருக்கட்டுமே! யார் முறைக்கிறார் என்றாவது பேரனுக்குத் தெரியும்.