பரண்மேல் இருக்கும் வால்வுப் பெட்டி

நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபையர் பரண்மேல் இருக்கிறது. தந்தையார் அருமையாக வாங்கியது. மாற்றலாகி ஊர் ஊராகச் சென்றபோதும் கைவிடாது கொண்டுவந்தது. "அந்த நாதம் இக்காலத்துப் பெட்டிகளுக்கு வாராது" என்பது பெரியோர் கட்சி. "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்பது பிள்ளைகள் கட்சி. இவ்வழக்கைச் சிறிது ஆராய்வோம்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். உள்ளிருக்கும் இழை சூடேறினால்தான் அது வேலை செய்யும். இ.எல். 34 என்னும் வால்வு ஒன்றின் இழைக்கு மட்டும் சுமார் 9.5 வாட் செலவாகும். பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிடினும் இச்செலவு உண்டு. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு இழையே இல்லை. இன்றைய 'டி' வகைப் பெட்டிகளிலோ டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடுகின்றன. ஆகவே வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஒலிக்கே பயன்படுகிறது. வெப்பமாய் வீணாவது சொற்பம்.

பெரியோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1960களில் வந்த டிரான்சிஸ்டர் பெட்டிகள் பலவற்றில், ஒலியலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றுமாக இரண்டு டிரான்சிஸ்டர்கள் சுமந்தன. கைமாறும் இடத்தில் இணைப்புச் சரியாக அமையாவிடின், மெல்லிய ஒலியிலே கரகரப்புத் தோன்றும். அக்குறை பின்னர் நீங்கிவிட்டது; அதனால் வந்த கெட்ட பெயர்தான் நீங்கவில்லை. மேலும், அளவுக்கு மீறி ஒலியை ஏற்றினால், வால்வு அலையின் உச்சியை மெல்ல மழுக்கும். டிரான்சிஸ்டர் அதைச் சட்டென்று வெட்டும். வெட்டுப்பட்ட ஒலி காதைக் குத்தும். அளவோடு வைத்துக் கேட்பவருக்கு இவ்வேற்றுமை பெரும்பாலும் எழாது.

பிள்ளைகளும் ஒன்றை உணர வேண்டும். 1947இல் வில்லியம்சன் என்பார் இங்கிலாந்தில் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிபையர் 15 வாட் வரை தந்தது. அதன் ஒலித் திரிபு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. பழையது என்பதனாலேயே ஒன்று மட்டமாகிவிடாது. புதுப்பெட்டியின் அட்டையில் அச்சிட்ட பெரிய வாட் எண்ணைக் கண்டும் மயங்க வேண்டா. 15 வாட்டை 150 வாட் ஆக்கினால், காதுக்கு ஒலி சுமார் இருமடங்காகத்தான் தோன்றும். தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்டே பணத்தை எண்ணுங்கள்.

வழக்கைத் தீர்க்க வழி எளிது. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, இரு பெட்டிகளிலும் ஒரே அளவு ஒலி. எது பாடுகிறதென்று கேட்பவருக்குத் தெரியலாகாது. ஒலியளவு சமமாயிருத்தல் முக்கியம். சற்று உரத்துப் பாடுவதே நன்றென்று செவி தீர்ப்பளித்துவிடும்.

ஆனால் நெடுநாள் கிடந்த வால்வுப் பெட்டியை நேரே மின்சாரத்தில் இணைக்காதீர்கள். உள்ளிருக்கும் கண்டென்சர்கள் காலத்தால் கெட்டிருக்கும். மேலும், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அவற்றில் சில நூறு வோல்ட் தங்கக்கூடும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. வால்வு வேலை அறிந்த மெக்கானிக் ஒருவரே அதைத் திறக்க வேண்டும். அவர் செப்பனிட்டுத் தந்தால் பெரியவர் மாலையில் கேட்டு மகிழட்டும். அத்தகையவர் கிடைக்காவிடின், சிறுவர் கைபடாத இடத்தில் பெட்டி மூடியே இருக்கட்டும்.