மலை வழியும் கட்டுச்சோறும்

நடப்பதற்கென்றே ஒரு பயணமா என்று வியப்பவர் நம்மிடையே இன்றும் உளர். நேர்த்திக்கடனுக்காகக் கதிர்காமம் வரை நடப்பவரை அறிவோம். பேருந்து கிடையாமையால் நடப்பவரையும் அறிவோம். அலுவலும் வேண்டுதலுமின்றி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எழுந்து மலையேறி, எங்கேனும் அமர்ந்து சோறுண்டு திரும்புவதைப் பெரியவர்கள் வீண்வேலை என்று கருதினால் அவர்களைக் குறைகூற முடியாது. ஆயினும், அலுவலகத் தோழர்கள், பழைய மாணவர்கள், அயல் வீட்டார் எனப் பத்துப் பதினைந்து பேர் கூடி நடக்கும் இவ்வழக்கத்தை நாம் வரவேற்கின்றோம். வீட்டிலே ஒருவரோடொருவர் பேச நேரமில்லாத தந்தையும் மகனும் ஒரு நீண்ட ஏற்றத்திற் பேசாதிருக்க முடியாது. மூச்சு வாங்க நிற்கும்போதாவது ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கத்தானே வேண்டும்!

அத்தகைய குழுவொன்றுடன் நாமும் அண்மையில் அப்புத்தளைக்குச் சென்றோம். இரவு அங்கே தங்கி, விடியுமுன் சுமார் 10 கிலோமீற்றர் அப்பாலுள்ள தம்பேதன்னத் தோட்டத்தை வாகனத்தில் அடைந்தோம். தேயிலைத் தொழிற்சாலையருகே தொடங்கிய நடை, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் வளைந்து வளைந்து மேலேறி ‘லிப்டன் சீட்’ எனும் முனையிலே முடிகின்றது. முழங்கால் நோவுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை முன்னே நடக்கவிட்டு, ஏனையோர் அவரைத் தாண்டாமற் பின்தொடர வேண்டுமென்பது குழுவின் விதி. இளைஞர்கள் முதலில் முணுமுணுத்தனர். அரை மணி நேரத்தின் பின் அவர்களே அவ்வம்மையாரிடம் மரங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நடந்தனர்.

இத்தொழிற்சாலையை 1890 இல் எழுப்பியவர் தோமஸ் லிப்டன். அப்போது அப்புத்தளைக்குப் புகையிரதமே வரவில்லை. அது வந்தது 1893 இல். தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடியதோ 1914 இல்தான். அதற்கு முன்னர் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களுட் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தவர்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. அவர்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. மலைநாட்டில் உல்லாசமாக நடக்கச் செல்லும் மாணவர்கள் இவ்விரு நடைகளையும் அறிந்திருப்பது நலம். கற்படி வைத்த அந்தக் குறுக்குப் பாதைகள் நமது பொழுதுபோக்குக்காக இடப்பட்டவையல்ல.

பாதி வழியில், கொழுந்து நிறுக்குமிடத்தை நோக்கிப் பெண்கள் மூட்டைகளுடன் இறங்கி வந்தனர். பாதை குறுகியது. நம்மவர் ஒதுங்கி நின்றனர். ஆனால் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் நடுவிலே நின்று கைத்தொலைபேசியாற் படம் பிடிக்கலானார். முன்னால் வந்த பெண்மணி நின்றார்.

“படம் பிடித்தது போதும் தம்பி, இந்த மூட்டையை ஒரு கை பிடியுங்க.”

மாணவர் வெட்கத்துடன் தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினார். “எத்தனை கிலோ அம்மா?” என்று கேட்டார்.

“சுமக்கிறவருக்குத் தெரியாதா?” என்றார் அவர். மற்றப் பெண்கள் சிரித்துவிட்டனர்.

தராசு வரை சுமந்து சென்ற மாணவர் அங்கே ஒரு பாடமும் கேட்டு வந்தார். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை ஆகின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அத்தனையையும் கிள்ள வேண்டும். முற்றிய இலை கலந்தால் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சும் கேட்க வேண்டும்.

உச்சியைப் பற்றி நீட்டி எழுதவேண்டியதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,970 மீற்றர் உயரம். லிப்டன் துரை அமர்ந்த பாவனையில் ஒரு சிலை. கீழே படிப்படியாகத் தேயிலை, அதற்கும் அப்பாற் சமவெளி. வானம் தெளிந்திருந்தால் உடவளவை நீர்த்தேக்கமும் தெரியும். எமக்கு அரைமணி நேரம் தெரிந்தது. பிறகு முகில் மூடிக்கொண்டது.

இனி உணவு. நடையை வெறுப்பவரும் இதனை வெறார். அப்புத்தளையிற் சொல்லிவைத்துக் கட்டுவித்த சோற்றுப்பொதிகள்: அனலில் வாட்டிய வாழையிலையிலே சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பொரித்த மிளகாய், கருவாட்டுத் துண்டு. ஐந்து மணி நேரம் இலைக்குள் அடைபட்டுக் கிடந்த சோற்றின் மணத்தை எந்தப் பெரிய ஹோட்டலும் தந்துவிட முடியாது. இறங்கும் வழியில், பூசாரியாரின் அனுமதி பெற்றுக் கோயில் மண்டபத்தில் அமர்ந்தோம். அருகிலிருந்த லயத்து வீடொன்றில் தேநீருக்கு ஏற்பாடு செய்திருந்தோம். கோப்பைக்கு இவ்வளவு என்று ஆசிரியை முன்னரே விலை பேசிவிட்டார். குடித்தபின் மனம்போனபடி நோட்டை நீட்டுவதைவிட இதுவே மரியாதை என்பது அவர் கருத்து. எமது கருத்தும் அதுவே. சிறுவர்களைக் கண்டதும் மிட்டாய்களை அள்ளி வீச எழுந்த அன்பர் ஒருவரையும் அவர் கண்ணாலேயே அமரச் செய்தார்.

தேநீருடன் ஒரு கிண்ணம் நிறையத் தேங்காய்ச் சம்பலும் வந்தது. அதற்கு விலை பேசவில்லையே என்று நம்மவர் தயங்க, “சம்பலுக்கு யாராவது காசு வாங்குவாங்களா?” என்று வீட்டுக்காரப் பெண்மணி கேட்டார். எம்மிடம் எஞ்சியிருந்த மூன்று பொதிகளைப் பிரித்து அவ்வீட்டாரும் எம்முடன் உண்டனர். அவருடைய மகள், எட்டு வயதிருக்கும், ஆசிரியையின் வீங்கிய முழங்காலை உற்றுப் பார்த்தாள்.

“மேலே ஆட்டோ போகுமே ரீச்சர், ஏன் நடந்தீங்க?”

“பசி எடுக்கத்தான் பிள்ளை” என்றார் ஆசிரியை. அவ்விடை சிறுமிக்குத் திருப்தி தரவில்லை என்பது அவள் முகத்திலே தெரிந்தது.

செல்ல விரும்புவோர் விடியுமுன் ஏறத் தொடங்குக. பத்து மணிக்குமேற் காட்சி கிடைப்பது அரிது. மழைக்காலமாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைக் கேட்ட பின்னரே புறப்படுக. உப்பும் சவர்க்காரமும் அட்டைக்கு உதவும். பொதியை இலையிற் கட்டுவித்தால் உண்டபின் தோட்டத்து மாடு அதைத் தின்றுவிடும். பொலித்தீனிற் கட்டினால் திரும்ப நீங்களே சுமக்க வேண்டும்.